பனி எடுத்தால் சாம்பலாகத்தான் வருகிறது: டெல்டா விடியலைப் படம் பிடிப்பதும் திருத்துவதும்

கேள்வி: 2024 டிசம்பர் 18, இரவு 10.12

திருவையாறு பக்கம் வயல்ல காலைல பனி அருமையா இருந்துச்சு. கேமராவுல பார்த்தா எல்லாம் அழுக்குச் சாம்பல். லைட்ரூம்ல (படம் திருத்துற சாஃப்ட்வேர்) மங்கலை எடுக்கிற டீஹேஸ் ஸ்லைடரை ஏத்தினா பனியே காணாமப் போகுது, ஏத்தலைன்னா சப்புன்னு இருக்கு. இதுக்கெல்லாம் கொடைக்கானல், கொளுக்குமலைன்னு போனாத்தான் சரிப்படும்னு நண்பர் சொல்றார். அப்படித்தானா?

டிசம்பர் 18, இரவு 11.05

நண்பரை அப்புறம் பார்ப்போம். முதலில் அந்தச் சாம்பல்.

கேமராவின் மீட்டருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்குவது. எருமையைக் காட்டினாலும் சாம்பல், சுண்ணாம்புச் சுவரைக் காட்டினாலும் சாம்பல். பனி அந்தச் சுவர் ரகம். ஃபிரேமில் முக்கால்வாசி வெளுப்பாக இருந்தால் "வெளிச்சம் அதிகம்" என்று கேமரா குறைத்துக்கொள்ளும். அதனால் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (கேமரா தேர்ந்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி; ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) ப்ளஸ் பக்கம் முக்கால் ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை ஏற்றிவிட்டு எடுங்கள். உங்கள் அழுக்கில் பாதி அங்கேயே போய்விடும். மீதிப் பாதி டீஹேஸ் செய்த வேலை. அதற்கு ஒருநாள் உட்கார்ந்து எழுதுகிறேன்.

டிசம்பர் 19, காலை 9.20

இப்போது நண்பர்.

கொடைக்கானலில் தூண் பாறையை மூடுவது பெரும்பாலும் மலைச்சரிவில் ஏறி வரும் மேகம். வெயில் ஏறியபின், முற்பகல் தாண்டித்தான் அது மும்முரமாக வரும். விடிகாலையில் போனால் பல நாள் பளிச்சென்று பாறை தெரியும். கொளுக்குமலை வேறு கதை. தேனி மாவட்டம்தான், ஆனால் ஜீப் கேரளப் பக்கம் சூரியநெல்லியிலிருந்து ஏற வேண்டும். ஏழாயிரம் அடிக்கு மேல் நின்று காலுக்குக் கீழே கிடக்கும் மேகக்கடலைப் பார்க்கிற படம் அது. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் ஒரே இடத்தில் வரிசையாக நிற்கிற எல்லோருக்கும் அதே படம்தான் கிடைக்கும்.

டெல்டாவில் மார்கழி, தையில் நாம் பார்ப்பது தரையே உண்டாக்குகிற பனி. வடகிழக்குப் பருவமழை முடிந்து வயலில் ஈரம் நிற்கும். மேகமில்லாத இரவில் தரைச் சூடு மளமளவென்று வானத்துக்குப் போய்விடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, அதிலுள்ள ஈரம் துளித்துளியாகும். காற்று வீசினால் கலைந்துவிடும், மேகம் வந்தால் உருவாகவே உருவாகாது. ஃபெஞ்சல் புயலும் அதற்குப் பின் வந்த மழையும் இந்த வருடம் ஈரத்துக்குக் குறை வைக்கவில்லை. இனி வானம் வெளுத்த ராத்திரிதான் பாக்கி.

ஐந்திணைக் கணக்குப்படி குறிஞ்சிக்கு யாமம், வைகறை மருதத்துக்கு. வயற்காட்டுக்காரர்களுக்கு விடியலை ஒதுக்கிக் கொடுத்து ரொம்ப நாளாகிறது என்று உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள்.

டிசம்பர் 19, காலை 9.48

"எந்த நாள் பனி வரும் என்று எப்படித் தெரியும், தினமும் நாலரைக்கு எழ முடியாது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வானிலைச் செயலியில் டியூ பாயின்ட் என்று ஓர் எண் இருக்கும், காற்றின் ஈரம் துளியாகத் தொடங்கும் வெப்பநிலை அது. விடிகாலை வெப்பநிலைக்கும் அதற்கும் இரண்டு டிகிரிக்குள் வித்தியாசம், காற்று மிக மெல்ல, வானம் சுத்தம். மூன்றும் சேர்ந்தால் அலாரம் வையுங்கள். சேராவிட்டால் தூங்குங்கள். வண்டி சீட்டைத் தொட்டால் இரவு பத்து மணிக்கே நனைந்திருக்கிறதா என்பது என் கூடுதல் சோதனை.

டிசம்பர் 22, மாலை 6.30

யூடியூப் பார்த்துவிட்டு "கோல்டன் அவர்" (சூரியன் தாழ்ந்திருக்கும் பொன்வெயில் நேரம்) என்று ஒரு மணி நேரத்தை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு:

அந்த வீடியோக்களில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலோ வட அமெரிக்காவிலோ எடுத்தவை. அங்கே சூரியன் சாய்வாக ஏறும். லண்டனில் டிசம்பர் கடைசியில் உச்சிப்பொழுதிலேயே சூரியன் 15 டிகிரி உயரம்தான். நாள் முழுக்கச் சாய்ந்த வெயில், அவர்களுக்கென்ன! நாம் 11 டிகிரி அட்சரேகையில் இருக்கிறோம், இங்கே சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக எழும்பும். பளபளவென்று வெளுக்கத் தொடங்கியதிலிருந்து சூரியன் தலைகாட்டும் வரை இருபது, இருபத்தைந்து நிமிடம். தலைகாட்டி ஆறு டிகிரி ஏறுவதற்குள் இன்னும் ஒரு இருபத்தைந்து நிமிடம். அவ்வளவுதான் நம் கடை திறந்திருக்கும் நேரம்.

ஆகவே போய் இடம் தேடுகிற வேலையே கூடாது. முந்தின நாள் சாயங்காலமே வரப்பில் நடந்து பார்த்து, எந்தத் தென்னை வரிசை, எந்த மடை, எங்கே நிற்பது என்று முடிவு செய்துவிட வேண்டும். இந்த மாதத்தில் சூரியன் நேர்கிழக்கில் எழாது, இருபத்திரண்டிலிருந்து இருபத்து நான்கு டிகிரி வரை தெற்கே தள்ளி எழும். கோயிலை முன்னால் வைத்துச் சூரியனைப் பின்னால் வைக்கத் திட்டம் போடுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுக்காமல் போனால் சூரியன் பக்கத்து மோட்டார் கொட்டகைக்கு மேல்தான் எழும்.

டிசம்பர் 22, இரவு 9.15

கங்கைகொண்ட சோழபுரம் பற்றிக் கேட்டவருக்கு: ஆமாம், விமானம் தனியாக நிற்பதால் பனியில் நன்றாக எடுபடும். வெளியே தள்ளி நின்று லாங் லென்ஸில் எடுப்பது உத்தமம். உள்ளே ட்ரைபாட் விரிக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும். காவலாளியிடம் வாதாடி விடியலை வீணாக்க வேண்டாம்.

டிசம்பர் 26, காலை 8.55

இன்று காலை கொள்ளிடக் கரையில். கண்ணெதிரே பிரமாதமான பனி, வியூஃபைண்டரில் அதைவிடப் பிரமாதம். லென்ஸைத் திருப்பிப் பார்த்தால் முன் கண்ணாடி முழுக்க வியர்த்திருந்தது. கூட வந்த தம்பி ஏசி அறையில் கேமராவை வைத்துத் தூங்கியவர். குளிர்ந்த கண்ணாடி ஈரக்காற்றில் வந்தால் வேறென்ன நடக்கும். துடைத்தால் மறுபடி வியர்க்கும், துடைக்கத் துடைக்கக் கோடு விழும். கேமராப் பையை ராத்திரியே ஏசி இல்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். முடியாவிட்டால் பையின் ஜிப்பைத் திறக்காமல் அரை மணி வெளியில் வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள்.

இன்னொன்று: ஏசியே இல்லாவிட்டாலும் லென்ஸ் வானத்தைப் பார்த்து வெகுநேரம் நின்றால் அதன்மேலும் பனி இறங்கும். எடுக்காத நேரத்தில் கேமராவைத் தரை நோக்கிக் கவிழ்த்து வையுங்கள். லென்ஸ் ஹூடைக் கழற்றாதீர்கள்.

டிசம்பர் 29, மதியம் 2.40

டீஹேஸ். கொஞ்சம் நீளும்.

அந்த ஸ்லைடருக்குப் பனி என்றால் பழுது. லைட்ரூமுக்கு அது 2015-இல் வந்தது, ஆனால் இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த கணக்கு 2009-இல் ஆய்வாளர் கைமிங் ஹேயும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளின் பனி நீக்கும் மாட்யூல் அதன் வழியில்தான் நடக்கிறது. யோசனை எளிது. தெளிவான வெளிப்புறப் படத்தில் வானத்தை விட்டுவிட்டு எந்தச் சின்னக் கட்டத்தை எடுத்தாலும், அதில் சில புள்ளிகளிலாவது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஏதோ ஒன்று கிட்டத்தட்ட பூஜ்யமாக இருக்கும். நிழலோ, அடர் பச்சையோ, கருப்புத் தண்டோ எதுவாவது இருக்குமல்லவா? பனி வந்தால் அந்தப் பூஜ்யம் மேலே தூக்கப்படும். எவ்வளவு தூக்கியிருக்கிறதோ அவ்வளவு பனி என்று கணக்கிட்டுக் கழித்துவிடும்.

இப்போது நம் படத்தை யோசியுங்கள். முன்னால் வரப்பு, அடுத்து ஒரு தென்னை வரிசை, அதற்குப் பின்னால் இன்னொன்று, கடைசியில் பனைகள். முதல் வரிசை கருப்பு, இரண்டாவது சாம்பல், மூன்றாவது பென்சில் கோடு, பனை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம். தூரம் கூடக் கூட வேறுபாடு அடுக்கடுக்காகக் குறையும் என்று 1924-இலேயே வானிலை ஆய்வாளர் கோஷ்மீடர் சூத்திரம் எழுதிவிட்டார். படத்தில் ஆழம் தெரிவதே இந்தப் படிகளால்தான். டீஹேஸ் செய்வது படிகளை இடித்துச் சமதளமாக்குகிற வேலை. கடைசிப் பனையும் முதல் தென்னையும் ஒரே கருப்பில் நின்றால் அது பத்து மணிப் படம். பத்து மணிக்கே போய் எடுத்திருக்கலாம், தூக்கமாவது மிஞ்சியிருக்கும்.

நான் செய்வது: ஹிஸ்டோகிராம் (இடது ஓரம் கருப்பு, வலது ஓரம் வெள்ளை என்று படத்தின் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) நடுவில் குவிந்திருந்தால் குவிந்தே இருக்கட்டும். இடது ஓரம் வரை இழுத்தே ஆகவேண்டும் என்று பழகிய கை பரபரக்கும், அடக்க வேண்டும். பனிக்குள் சுத்தக் கருப்பு கிடையாது. பிளாக்ஸ் ஸ்லைடரைத் தொடுவதில்லை. டோன் கர்வில் (இருட்டையும் வெளிச்சத்தையும் வளைத்துச் சரிசெய்யும் கோடு) நடுப்பகுதியை மட்டும் மெல்ல வளைக்கிறேன், இரு முனைகளும் இருந்த இடத்தில் இருக்கும். முன்னால் இருக்கிற வரப்புக்கோ மரத்துக்கோ மட்டும் மாஸ்க் போட்டு, அங்கே கான்ட்ராஸ்டும் டெக்ஸ்சரும் கொஞ்சம். தூரத்தில் இருப்பதற்கு எதுவும் இல்லை. சில படங்களில் தூரப் பகுதிக்கு டீஹேஸை மைனஸில் ஐந்து, பத்து வைத்திருக்கிறேன். கிளாரிட்டியை முழுப்படத்துக்கும் ஏற்றுகிறவர்கள் பனிக்கு மேல் உப்புத்தாள் தேய்க்கிறார்கள்.

டிசம்பர் 29, இரவு 10.20

மேலே எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் டீஹேஸே கூடாதா" என்று இரண்டு பேர். அப்படிச் சொல்லவில்லை. வெயில் ஏறியபின் வருகிற மங்கல், தூசி, ஊர்ப்புகை, அதற்குப் போடுங்கள், தாராளமாக. படத்தின் விஷயமே பனி என்றால் மட்டும் கையை எடுங்கள்.

2025 ஜனவரி 3, காலை 9.05

டிசம்பர் 18 குறிப்பில் ப்ளஸ் ஒரு ஸ்டாப் என்றேன். அது சூரியன் ஃபிரேமுக்குள் வராத வரைக்கும். சூரியன் எட்டிப் பார்த்த பிறகும் அதே ப்ளஸ்ஸில் நின்றால் சுற்றியுள்ள ஆரஞ்சு எல்லாம் வெந்து மஞ்சள் திட்டாகிவிடும். விடியலில் முதலில் நிரம்பி வழிவது சிவப்புச் சேனல். வெள்ளை ஹிஸ்டோகிராம் ஒன்றையே பார்த்தால் எல்லாம் பத்திரம் என்றுதான் காட்டும். மூன்று வண்ண ஹிஸ்டோகிராமை ஆன் செய்து சிவப்பைக் கவனியுங்கள். ரா (கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்தாலும் கேமராத் திரையில் தெரியும் ஹிஸ்டோகிராம் ஜேபெக்கிலிருந்து வருவது, ஒயிட் பேலன்ஸை (படத்தின் நிறச் சூட்டை, அதாவது நீலமா மஞ்சளா என்பதை முடிவு செய்யும் அமைப்பு) மாற்றினால் அதுவும் மாறும். சந்தேகமாக இருந்தால் மூன்று எக்ஸ்போஷர் அடித்துக்கொள்ளுங்கள், கார்டில் இடமா இல்லை.

சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்த படங்கள்தான் பெரும்பாலும் "சப்பென்று" வருகின்றன. நீர்த்துளி வெளிச்சத்தை முன்னோக்கித்தான் அதிகம் சிதறடிக்கும். சூரியன் இருக்கும் திசைப்பக்கம் திரும்பி, அதை ஒரு மரத்தண்டுக்குப் பின்னால் மறைத்து எடுத்தால் பனி தானே ஒளிரும்.

ஜனவரி 3, காலை 9.40

சொல்லிவிட்டு யோசித்தால், சூரியனுக்கு முதுகு காட்டுவதிலும் ஒரு லாபம் உண்டு. பனி மெல்லியதாக இருந்து வெயில் பின்னாலிருந்து அடித்தால் எதிரே வெள்ளை வில் ஒன்று தெரியும். வானவில்லின் வண்ணம் போன வடிவம். துளிகள் மிகச் சிறியவை என்பதால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வெளுத்துவிடுகின்றன. வைட் லென்ஸ் வேண்டும், இல்லாவிட்டால் பாதி வில்தான் கிடைக்கும்.

இன்னொரு வேடிக்கை. பனித்துளி கோத்த நெற்பயிர்மேல் உங்கள் நிழல் நீளமாக விழும்போது தலையைச் சுற்றிப் பாருங்கள். ஒளிவட்டம் இருக்கும். பக்கத்தில் நிற்பவர் தலையைச் சுற்றி இருக்காது, அவரைக் கேட்டால் அவருக்கு மட்டும் இருப்பதாகச் சொல்வார். ஒவ்வொரு துளியும் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புவதால் அவரவர் கண்ணுக்கு அவரவர் தலை. பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியச் சிற்பி செல்லினி இதைத் தனக்குக் கிடைத்த தெய்வ அருள் என்றே எழுதிவைத்தார். நம் ஊரில் பிறந்திருந்தால் மடம் கட்டியிருப்பார்.

ஜனவரி 5, இரவு 8.10

ஒயிட் பேலன்ஸ். ஆட்டோவில் விட்டால் விடியலின் நீலத்தை "சரி" செய்து வெளுக்கடித்துவிடும். டேலைட்டில் பூட்டிவிடுங்கள், சுமார் 5200, 5500 கெல்வின். சூரியன் வரும்முன் நீலமாக, வந்தபின் பொன்னாக, வரிசையாக எடுத்த படங்களில் நேரம் நகர்வது தெரியும். திருத்தும்போதும் முழுப்படத்தையும் மஞ்சளாக்காதீர்கள். நிழலில் நீலம், வெளிச்சத்தில் பொன். இரண்டும் ஒரே படத்தில் இருந்தால்தான் குளிர் தெரியும். படத்தை மஞ்சளாக்கும் ஷேட் ப்ரீசெட்டில் எடுத்த பனி எனக்குச் சாம்பிராணிப் புகையாகத்தான் தெரிகிறது.

போலரைசர் (லென்ஸ் முன் மாட்டும், பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர்) உதவுமா? சூரியனுக்குத் தொண்ணூறு டிகிரி பக்கவாட்டில் தூரத்து மெல்லிய நீல மங்கலைக் குறைக்கும். கெட்டிப் பனியில் பைசாவுக்குப் பிரயோஜனமில்லை, ஒரு ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் போனதுதான் மிச்சம். கழற்றிப் பையில் போடுங்கள்.

ஜனவரி 9, காலை 10.30

போன் மட்டும்தான் இருக்கிறது என்பவர்களுக்கு. போனின் ஆட்டோ எச்டிஆர்தான் வில்லன். இருட்டைத் தூக்கி, வெளிச்சத்தை இறக்கி, எல்லாவற்றையும் சமமாக்கும். ப்ரோ மோடு இருந்தால் ராவில் எடுங்கள். இல்லாவிட்டால் திரையில் பனியைத் தொட்டு, எக்ஸ்போஷரை விரலால் ஏற்றிப் பூட்டிவிட்டு எடுங்கள். டெலி லென்ஸ் உள்ள போனில் அதையே பயன்படுத்துங்கள், தென்னை வரிசைகள் நெருங்கி அடுக்காக நிற்கும். திருத்த ஸ்னாப்சீட் போதும். அதில் எச்டிஆர் ஸ்கேப் என்று ஒன்று இருக்கும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஜனவரி 12, மாலை 5.50

நாளை போகி. "நாளைக்குப் பனி நல்லா இருக்கும், சென்னையில எடுக்கலாமா" என்கிறார் ஒருவர். ஐயா, அது புகை. 2018-இல் போகிப் புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடுமாறின. மாஸ்க் போட்டுக்கொண்டு வேண்டுமானால் எடுங்கள். புகைத்துகளின் நிறம் பழுப்பு, பனியின் வெளுப்பு வராது. ஒயிட் பேலன்ஸால் அதைக் காப்பாற்ற முடியாது.

அதைவிடச் செவ்வாய்க்கிழமை பொங்கலன்று காலை மேற்கே பாருங்கள். பௌர்ணமி நிலா, கிழக்கே சூரியன் எழும் நேரத்தை ஒட்டி அந்தப் பக்கம் இறங்கும். பனி மெல்லியதாக இருந்தால் பனைமரங்களுக்கு மேல் கிடைக்கும். கெட்டியாக இருந்தால் நிலாவும் இல்லை, பனையும் இல்லை, சர்க்கரைப் பொங்கல் உண்டு.

ஜனவரி 15, காலை 11.25

படம் பற்றியில்லை, ஆனால் சொல்ல வேண்டும். சம்பா அறுவடை தொடங்கிவிட்டது. வரப்பில் ட்ரைபாட் வைக்கும் முன் வயல்காரரைக் கேளுங்கள். கதிர் சாய்ந்த வயலில் கால் வைத்துவிட்டு "ஒரு போட்டோதான் அண்ணே" என்றால் அவருக்குக் கோபம் வரும், வர வேண்டியதுதான். கேட்டால் பெரும்பாலும் "எடுத்துக்கப்பா" என்பார், கூடவே அறுவடை மிஷின் எத்தனை மணிக்கு வரும் என்பதையும் சொல்வார். மிஷின் முகப்பு விளக்கோடு பனிக்குள் வருவது நல்ல படம். மரபான மாட்டு வண்டிக்காகவே காத்திருப்பவர்கள் காத்திருக்கட்டும். டெல்டாவில் இன்று காலை நடப்பது மிஷின்.

ஜனவரி 20, இரவு 9.35

கேள்வி கேட்டவர் புதுப் படம் போட்டிருக்கிறார். முதலாவதைவிடப் பல மடங்கு மேல். மின்கம்பியை அழித்திருக்கிறீர்கள், அழித்த தடம் பனியில் பட்டையாகத் தெரிகிறது. கம்பியை விட்டிருக்கலாம். அதில் வரிசையாகத் தொங்குகிற நீர்த்துளிகளைப் பெரிதாக்கிப் பார்த்தேன், படத்தில் என் கண் முதலில் போனது அங்கேதான். கீழே வலது மூலையில் நெற்பயிருக்கு நடுவே ஒரு சிலந்தி வலை பனியில் வெளுத்துத் தொங்குகிறது, கவனித்தீர்களா? அதை மையமாக்கி இன்னொரு படம் எடுத்திருக்கலாம்.

வானத்தில் பட்டை பட்டையாகப் படி விழுவதாகச் சொல்கிறீர்கள். ஜேபெக்கைத் திருத்தியிருக்கிறீர்கள். அதில் ஒரு சேனலுக்கு 256 படிதான், பனியோ அதில் ஒரு சின்னப் பகுதிக்குள் அடங்கிவிடும். அதை இழுத்தால் படி தெரியாமல் என்ன செய்யும். 14 பிட் ராவில் 16,384 படி. ராவில் ஆரம்பித்து, கடைசியில் கொஞ்சம் கிரெய்ன் (மெல்லிய துகள் புள்ளிகள்) சேர்த்து ஏற்றுமதி செய்யுங்கள், பட்டை மறையும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் மறுபடி வந்துவிடும். டாக்குமென்டாக அனுப்புங்கள்.

பிப்ரவரி 2, மதியம் 12.15

பிரின்ட் போடலாமா என்று கேட்டவருக்கு. போடலாம், மேட் பேப்பரில் பனி நன்றாக உட்காரும். முதலில் உங்கள் மானிட்டரின் பிரைட்னஸைப் பாதியாகக் குறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள். முழு வெளிச்சத்தில் திருத்திய படம் காகிதத்தில் இருண்டுதான் வரும். அப்புறம் லேப். நான் கொடுத்த ஓர் இடத்தில் மிஷினின் ஆட்டோ கரெக்‌ஷன் என் பனிக்குக் கான்ட்ராஸ்ட் ஏற்றி, மூன்றாவது தென்னை வரிசையை முதல் வரிசைக்கு இழுத்து வந்து கொடுத்தது. கவுன்ட்டரில் இருந்த பையன் "தெளிவா வந்திருக்கு சார்" என்றான். ஆர்டர் எழுதும்போதே "கரெக்‌ஷன் வேண்டாம்" என்று எழுதச் சொல்லுங்கள். முதலில் நாலுக்கு ஆறில் ஒரு சோதனை பிரின்ட், அது சரியாக இருந்தால் மட்டும் பெரிதாக.